மத்யன் சந்தையும் ஷுஐப் நபியின் எச்சரிக்கையும்

மார்த்தாண்டத்தில் மலஞ்சரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். ரப்பர் ஷீட், ஒட்டுப்பால், மிளகு, பாக்கு எல்லாம் எடுக்கிற கடை. மதரஸாவில் ஓதும் அவருடைய பத்து வயது மகன், மத்யன் என்ற ஊருக்கு அனுப்பப்பட்ட ஷுஐப் நபியின் வரலாற்றைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, “வாப்பா, தராசுல கொஞ்சம் குறைச்சதுக்கா அல்லாஹ் ஒரு ஊரையே அழிச்சான்?” என்று கேட்டானாம். பதில் தெரியாமல், உஸ்தாதிடம் கேள் என்று தள்ளிவிட்டிருக்கிறார். பையன் விடவில்லை. “அப்போ குளச்சல்ல சுனாமி வந்ததும் அதுமாதிரிதானா?” என்று அடுத்ததைப் போட்டிருக்கிறான். கூடவே தன் சொந்தச் சந்தேகம் ஒன்றையும் தம்பி கடைசி வரியில் சேர்த்திருக்கிறார்: ஈர ஷீட்டுக்குக் கழிவு பிடிப்பது, அதாவது ஈரத்துக்கென்று எடையில் கொஞ்சம் கழித்துக்கொள்வது, இந்தப் பாவத்தில் வருமா?

அந்தக் கடைசி வரியை எழுதத்தான் அவர் பேனாவையே எடுத்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம். இருக்கட்டும், அதற்குக் கடைசியிலேயே வருகிறேன்.

நான் தக்கலையில் ஒரு பலசரக்குக் கடைக்காரரின் வீட்டில் பிறந்தவன். பிற்பாடு அரபி படித்து, முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். ஆனால் ஷுஐப் நபியின் (அலை) வரலாறு கிதாபை விடக் கடைத்திண்ணையில்தான் எனக்கு நன்றாகப் புரிந்தது. அதனால் இந்தப் பதிலில் தராசும் நாழியும் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

குர்ஆன் இந்த வரலாற்றை மூன்று இடங்களில் விரிவாகச் சொல்கிறது. 7ஆம் அத்தியாயம் அஃராஃபில் 85 முதல் 93 வரை, 11ஆம் அத்தியாயம் ஹூதில் 84 முதல் 95 வரை, 26ஆம் அத்தியாயம் ஷுஅராவில் 176 முதல் 191 வரை. ஒரே வரலாறுதான், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் உரையாடலின் வேறொரு பகுதி வெளிச்சத்துக்கு வருகிறது. மூன்றையும் சேர்த்து வாசித்தால்தான் பையனின் கேள்விக்குப் பதில் கிடைக்கும். ஒரு பக்கப் பாடப்புத்தகக் கதையாகச் சுருக்கும்போது, ‘எடை குறைத்தார்கள், அழிந்தார்கள்’ என்று இரண்டே சொல்லாகிவிடுகிறது. அப்படிச் சுருக்கினால் பையன் கேட்டது நியாயமான கேள்விதான்.

மத்யன் எங்கே இருந்தது? அகபா வளைகுடாவின் கிழக்குக் கரையோரம், இன்றைய சவூதி அரேபியாவின் வடமேற்கு மூலையில். தபூக் மாகாணத்தில் அல்பத்ஃ என்ற ஊர்ப் பக்கம் பாறையைக் குடைந்து செய்த பழைய கல்லறைகள் இருக்கின்றன. ‘ஷுஐபின் குகைகள்’ என்று அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது. உண்மையில் அவை நபத்தியர் என்ற பழைய அரபு மக்களின் காலத்தவை, மிகப் பிந்தியவை. ஆனால் அந்த வட்டாரம்தான் மத்யன் என்பதில் பெரிய தகராறு இல்லை. தெற்கே இருந்து ஷாமுக்கும் (சிரியா வட்டாரம்) எகிப்துக்கும் போகிற ஒட்டகக் கூட்டங்களின் வழி அது. குர்ஆனும் (15:79) அந்த ஊர் தெளிவான பெருவழியில் இருந்தது என்றே சொல்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஆரல்வாய்மொழிக் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் மலை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் வர வேண்டுமானால் அந்த வழியாகத்தான் வர வேண்டும். அந்த வாயில் உட்கார்ந்திருப்பவன் நினைத்தால் வண்டியைப் போக விடுவான், நினைத்தால் நிறுத்துவான். மத்யன்காரர்கள் அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். பாலைவனத்தைக் கடந்து வருகிற வணிகனுக்கு அடுத்த சந்தை பல நாள் பயணத் தூரத்தில். இங்கே சொன்ன விலையை ஏற்காவிட்டால் வேறு போக்கிடம் கிடையாது. 7:86இல் ஷுஐப் நபி, “ஒவ்வொரு வழியிலும் உட்கார்ந்துகொண்டு மிரட்டாதீர்கள்” என்கிறார். அதற்கு விரிவுரையாளர்கள் இரண்டு பொருள் சொல்வார்கள். ஒன்று, வழிப்போக்கரை மிரட்டிப் பொருள் பிடுங்குவது. இன்னொன்று, ஷுஐபைப் பார்க்க வருகிறவர்களை வழியிலேயே மறித்துப் பயமுறுத்துவது. இரண்டும் நடந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். வழியை வைத்துப் பணம் பண்ணத் தெரிந்தவனுக்கு அதே வழியை வைத்து ஆளைத் தடுக்கவும் தெரியும்.

சரி, அவர் என்ன சொன்னார்? எல்லா நபிமார்களையும் போலவே முதலில், அல்லாஹ்வை மட்டும் வணங்குங்கள் என்றார். அடுத்த வாக்கியமே சந்தைக்கு வந்துவிடுகிறது. அளவையும் நிறுவையையும் நிறைவாகச் செய்யுங்கள். நடுவில் இடைவெளியே இல்லை. ஓரிறைக் கொள்கையும் தானியம் அளக்கிற மரக்காலும் ஒரே மூச்சில் வருகின்றன.

ஹூத் அத்தியாயத்தில் இதோடு அவர் சேர்த்துச் சொல்கிற ஒன்றை நான் வகுப்பில் எப்போதும் நிறுத்திப் படிப்பேன். “நான் உங்களை நல்ல நிலையில்தான் பார்க்கிறேன்” (11:84). அதாவது, நீங்கள் வறுமையில் இருக்கிறவர்கள் இல்லை. குறைத்து நிறுத்தால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. வயிற்றுக்கு இல்லாதவன் ஒரு பிடி அரிசியைக் குறைத்து அளந்தால் அதைப் பேசும் விதம் வேறு. இங்கே இருப்பவர்கள் செழிப்பாக இருந்துகொண்டு செய்தார்கள். அதே வசனத்தில்தான், “உங்களைச் சூழ்ந்துகொள்ளும் ஒரு நாளின் வேதனையை உங்களுக்காக அஞ்சுகிறேன்” என்கிறார். ‘உங்களுக்காக அஞ்சுகிறேன்’ என்ற தொனியைக் கவனியுங்கள். எச்சரிக்கை என்றால் நாம் கத்துவதையும் சபிப்பதையும் நினைத்துக்கொள்கிறோம். இவர் பயந்து பேசுகிறார். அவர்களுக்கு என்ன ஆகுமோ என்ற பயம். ‘அவர்களுடைய சகோதரர் ஷுஐப்’ என்று குர்ஆன் அவரை அறிமுகப்படுத்துவதும் சும்மா இல்லை.

இனி இந்த எச்சரிக்கையின் நடுவில் இருக்கிற சொல்லுக்கு வருகிறேன். “மனிதர்களின் பொருட்களைக் குறைத்துவிடாதீர்கள்.” அஃராஃப், ஹூத், ஷுஅரா மூன்று இடத்திலும் இந்த வாக்கியம் அப்படியே வருகிறது. இங்கே அரபியில் இருப்பது ‘பக்ஸ்’ என்ற வேர். எடை குறைப்பதற்குத் தனியாக முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. அப்படியானால் இது என்ன? ஒருவனுடைய பொருளை, அதற்கு உரிய மதிப்பிலிருந்து இறக்குவது. அதில் குறை சொல்லி விலையை அடிப்பது. தராசைத் தொடாமலே செய்யக்கூடிய திருட்டு.

மலஞ்சரக்குக் கடைக்காரருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. அரை ஏக்கர் ரப்பர் வைத்திருக்கிறவர், விடியுமுன் எழுந்து பால் வெட்டி, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் போட்டு, புகையில் காய வைத்து, பத்து ஷீட்டைச் சுருட்டிக் கொண்டு வருகிறார். கடைக்காரர் ஷீட்டை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறார். முகத்தைச் சுளிக்கிறார். “புகை பத்தல. அழுக்கு இருக்கு. இதுக்கு நல்ல கிரேடு போட முடியாது.” எலக்ட்ரானிக் தராசு சரியாகத்தான் இருக்கிறது, ஒரு கிராம் கூட ஏமாற்று இல்லை. ஆனால் அந்த ஒரு முகச்சுளிப்பில் கிலோவுக்குச் சில ரூபாய் இறங்கிவிட்டது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். மழை நாளில் பால் வெட்ட முடியாது. ஆகவே கையில் காசில்லாமல் வந்து நிற்கிறவரால் “வேண்டாம், திரும்பக் கொடு” என்று சொல்ல முடியாது. அது கடைக்காரருக்கும் தெரியும். அன்று சாயங்காலமே அந்த ஷீட்டு நல்ல கிரேடாக லாரியில் ஏறும்.

ஷீட்டு உண்மையிலேயே மட்டமாக இருந்தால் மட்டம் என்று சொல்வதில் தப்பில்லை. பக்ஸ் என்பது, நல்லது என்று தெரிந்தே மட்டம் என்பது. வசனத்தில் ‘பொருட்கள்’ என்று பொதுவாக இருப்பதால் ஒருவனுடைய உழைப்பு, கூலி, திறமை, பேர் எல்லாம் இதில் அடங்கும் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. வேலை முடிந்தபிறகு கொத்தனாரிடம் “இது ஒரு வேலையா?” என்று சொல்லிக் கூலியில் கை வைக்கிறோமே, அதுவும் இதே வகைதான்.

எடை, அளவு விஷயத்துக்கு வந்தால், குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்தின் பெயரே முதஃப்பிஃபீன். ‘தஃபீஃப்’ என்றால் அற்பமான, கொஞ்சமான பொருள். கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளுகிறவர்கள் என்று அந்தப் பெயரை விளக்கலாம். பையன் “கொஞ்சம்” என்றானே, அந்தக் கொஞ்சத்துக்குத்தான் குர்ஆன் ஒரு தனிப்பெயரே வைத்திருக்கிறது. முழு மூட்டையைத் திருடுகிறவன் பிடிபடுவான். நாழிக்கு ஒரு கையளவு குறைக்கிறவன் ஆயுள் முழுக்க மரியாதையாக இருந்துவிட்டுப் போவான். அந்த அத்தியாயம் இவர்களுக்குக் கொடுக்கும் அடையாளம் இது: மக்களிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்குவார்கள்; அவர்களுக்கு அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைப்பார்கள்.

என் வாப்பா இதற்கு நெல் அளக்கிற கதை சொல்வார். அவருடைய சின்ன வயதில் நாஞ்சில் நாட்டில் பாட்டநெல் (குத்தகை நெல்) அளக்கும்போது, சில வீடுகளில் வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் இருக்குமாம். மரக்கால் ஒன்றே ஆனாலும் வழி உண்டு. வாங்கும்போது குவித்து அளப்பது, கொடுக்கும்போது தலைதட்டி அளப்பது. கேட்டால், “ரெண்டும் ஒரு மரக்கால்தானே?” என்று பதில் வரும். தராசுக் காலம் வந்ததும் தட்டுக்கு அடியில் புளி ஒட்டினார்கள். இன்றைக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வந்து தராசைச் சோதித்து முத்திரை வைத்துவிட்டுப் போகிறார். முகச்சுளிப்புக்கு முத்திரை வைக்கத்தான் ஆளில்லை.

தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க இன்னொன்றும் இருக்கிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றி, “கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது” என்று வருகிறது. அங்கே நல்ல வணிகனுக்கு இலக்கணம். முதஃப்பிஃபீன் அத்தியாயத்தில் அதே இரண்டு கை, வாங்குகிற கையும் கொடுக்கிற கையும், ஆனால் தலைகீழாக. முதன்முதலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இப்போது மத்யன்காரர்களின் பதிலுக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் சொன்னது (11:87): “ஷுஐபே, எங்கள் முன்னோர் வணங்கியதை நாங்கள் விட வேண்டும் என்றும், எங்கள் பொருளில் நாங்கள் விரும்பியபடி செய்யக்கூடாது என்றும் உன் தொழுகையா உனக்கு ஏவுகிறது? நீதான் ரொம்பப் பொறுமைசாலி, நேர்மையானவன் ஆயிற்றே!” கடைசி வாக்கியம் கிண்டல். கூட்டமாகச் சிரித்துக்கொண்டு சொன்ன வாக்கியம்.

அவர் தொழுவதில் அவர்களுக்குப் பெரிய பிரச்சினை இருந்த மாதிரித் தெரியவில்லை. தொழுதுவிட்டுப் போ, யார் வேண்டாம் என்றது? அந்தத் தொழுகை பள்ளிவாசலை விட்டு எழுந்து வந்து கடைக்குள் நுழைந்ததுதான் பொறுக்கவில்லை. “எங்கள் பொருள், எங்கள் இஷ்டம்.” இந்த வாக்கியத்தை நான் மத்யனில் கேட்கவில்லை, நம் ஊரிலேயே கேட்டிருக்கிறேன். அதுவும் பாங்கு சொன்னதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முதல் சஃப்பில் (வரிசையில்) வந்து நிற்கிறவர்களிடமிருந்தே. “ஹஸ்ரத், மார்க்கம் வேற, யாவாரம் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.” சொன்னவர்கள் யாரும் சிலை வணங்கவில்லை. மத்யன்காரர்களின் கேள்வியில் பாதியை மட்டும் கேட்டார்கள், அவ்வளவுதான்.

அதற்கு ஷுஐப் நபி கொடுத்த பதில் அடுத்த வசனத்தில் (11:88). “நான் உங்களுக்கு எதைத் தடுக்கிறேனோ அதையே நான் செய்து உங்களுக்கு மாறு செய்ய விரும்பவில்லை. என்னால் முடிந்த அளவு சீர்திருத்தத்தைத் தவிர வேறொன்றும் நான் நாடவில்லை. அல்லாஹ்வைக் கொண்டேயன்றி எனக்கு எந்த அனுகூலமும் இல்லை.” இவருக்கு ‘நபிமார்களின் கதீப்’ என்று ஒரு பட்டம் உண்டு, நபிமார்களிலேயே பேச்சாளர். அவருடைய மற்ற வாதங்கள் எல்லாம் அழகுதான். ஆனால் இந்த வாக்கியத்தில்தான் அவருடைய பலம் தெரிகிறது. நான் ஒரு அளவுகோலும் நீங்கள் ஒரு அளவுகோலும் இல்லை என்கிறார். வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று என்று வைத்திருப்பவர்களிடம் பேசுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பதில் ஏது?

இன்னொரு சொல்லையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 11:86இல் “அல்லாஹ் மீதம் வைத்தது உங்களுக்குச் சிறந்தது” என்கிறார். பகிய்யத்துல்லாஹ். நிறைவாக அளந்து கொடுத்தபிறகு கையில் தங்குகிற ஹலாலான லாபம் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். தமிழில் கடைக்காரர்கள் லாபத்துக்கு என்ன சொல்வார்கள்? மிச்சம். “இதுல எனக்கு என்ன மிச்சம்?” என்றுதானே கேட்பீர்கள். அதே மிச்சம்தான். அரபியும் கடைத்தமிழும் இந்த இடத்தில் கை குலுக்கிக்கொள்வதை என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே சலித்துவிட்டது.

பிறகு பேச்சு முற்றியது. “நீ சொல்வதில் பெரும்பாலானது எங்களுக்குப் புரியவில்லை, எங்களில் நீ பலவீனன். உன் குடும்பத்தார் மட்டும் இல்லாவிட்டால் உன்னைக் கல்லால் அடித்திருப்போம்” (11:91). நபிமார்களின் கதீபைப் பார்த்துப் புரியவில்லை என்கிறார்கள்! ஊருக்கே புரிந்துதான் இருந்தது. அவருக்கு இதில் வலித்தது மிரட்டல் இல்லை. “என் குடும்பத்தாரா உங்களுக்கு அல்லாஹ்வை விட மேலானவர்கள்?” என்று கேட்டார். குடும்பப் பலம் பார்த்துக் கை வைக்கிற பழக்கம் எவ்வளவு பழையது பாருங்கள். அஃராஃபில் ஊர்ப்பெரியவர்கள் இன்னும் ஒரு படி போகிறார்கள்: எங்கள் மார்க்கத்துக்குத் திரும்பு, இல்லாவிட்டால் உன்னையும் உன்னோடு ஈமான் (நம்பிக்கை) கொண்டவர்களையும் ஊரை விட்டு விரட்டுவோம் (7:88). மற்ற ஜனங்களிடம் அவர்கள் சொன்னது சுத்தமான வியாபாரி மொழி: “ஷுஐபைப் பின்பற்றினால் உங்களுக்கு நஷ்டம்தான்” (7:90). குர்ஆன் அந்தச் சொல்லை மறக்கவில்லை. இரண்டு வசனம் தள்ளி, “ஷுஐபைப் பொய்யாக்கியவர்கள்தாம் நஷ்டப்பட்டவர்கள்” என்று அதே சொல்லை அவர்கள் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. குறைத்து அளப்பதைச் சொல்லும் இடத்திலும் (26:181, 83:3) அரபியில் இதே வேர்தான்.

அழிவு எப்படி வந்தது? அஃராஃபில் பூகம்பம். ஹூதில் பெருஞ்சத்தம். ஷுஅராவில் ‘நிழல் நாளின் வேதனை’. ஒன்றுக்கொன்று முரண் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். குர்ஆன் விரிவுரையாளர் இப்னு கஸீர் இதற்குச் சொல்வது எனக்குப் பிடிக்கும்: மூன்றும் வந்தன, ஒவ்வொரு அத்தியாயமும் அங்கே அவர்கள் பேசிய பேச்சுக்குப் பொருத்தமானதைச் சொல்கிறது. ஊரை விட்டு விரட்டுவோம் என்ற இடத்தில் அவர்கள் காலடி நிலம் அதிர்ந்தது. தொழுகையைக் கிண்டலடித்த இடத்தில் வாயை அடக்கும் சத்தம். “வானத்திலிருந்து ஒரு துண்டை எங்கள் மேல் விழவை பார்ப்போம்” (26:187) என்ற இடத்தில் மேலே இருந்து நிழல். ஷுஅராவில் இவர்கள் ‘தோப்புவாசிகள்’, அய்க்காக்காரர்கள் என்று அழைக்கப்படுகிறார்கள். மத்யனும் அய்க்காவும் ஒரே கூட்டம் என்று இப்னு கஸீர் சொல்கிறார். இரண்டு கூட்டம் என்றவர்களும் உண்டு. இரண்டு இடத்திலும் குற்றம் ஒன்றே என்பதால் நான் அதில் அதிகம் மெனக்கெடுவதில்லை.

இப்போது பையனின் முதல் கேள்விக்கு நேராகச் சொல்லலாம். தம்பி, மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஒரு கடைக்காரர் ஒரு நாள் ஒரு பிடி குறைத்ததற்காக அந்த ஊர் அழியவில்லை, மக்களே. ஊரே அப்படி ஆகிவிட்டது. வழியை மறித்தார்கள். அடுத்தவன் பொருளை மட்டம் தட்டினார்கள். அது தப்பு என்று அவர்களில் ஒருவரே பயந்து பயந்து சொன்னார். கேலி செய்தார்கள், கல்லெறிவோம் என்றார்கள், விரட்டுவோம் என்றார்கள். மன்னிப்புக் கேளுங்கள், என் இறைவன் இரக்கமுள்ளவன், அன்பானவன் என்று அவர் சொன்ன பிறகும் (11:90) அசையவில்லை. மதீனாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. நபிகள் நாயகம் (ஸல்) மதீனாவுக்கு வந்தபோது அந்த ஊர் அளவில் மிக மோசமாக இருந்தது என்றும், முதஃப்பிஃபீன் வசனங்கள் இறங்கியபின் அளவைச் செம்மையாக்கிக்கொண்டார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) சொன்ன செய்தி இப்னு மாஜாவின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. அதே குற்றம், அதே எச்சரிக்கை. ஒரு ஊர் கேட்டது, பிழைத்தது.

சுனாமி கேள்வியை நான் லேசாக விட மாட்டேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பக்கம் நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவிலிருந்து அரிசியும் பாயும் ஏற்றிய வண்டியோடு நானும் போனேன். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பள்ளிவாசலில் குத்பா பிரசங்கத்தில், பாவம் பெருத்ததால் இறங்கிய தண்டனை என்று பேசினார்கள். மத்யன் பெயரும் அடிபட்டது. முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், குளச்சலில் இரண்டு நாள் மய்யித்துகளை (இறந்தவர்களின் உடல்களை) தூக்கியவர், தலையைக் குனிந்தபடியே இருந்தார். அன்று நான் எழுந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது இன்றும் உறுத்துகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

“ஒரு தூதரை அனுப்பாதவரை நாம் தண்டிப்பவராக இருந்ததில்லை” என்பது குர்ஆன் (17:15). மத்யன் அழிந்தது இந்தக் குற்றத்துக்காக என்று நமக்கு எப்படித் தெரியும்? அல்லாஹ் சொன்னதால் தெரியும். தூதர் வந்தார், எச்சரித்தார், நம்பியவர்களோடு அவர் காப்பாற்றப்பட்டார், மறுத்தவர்கள் அழிந்தார்கள் என்று நல்லவனையும் கெட்டவனையும் பிரித்துக் காட்டியது வஹீ, அதாவது இறைச்செய்தி. குளச்சல் கரையில் அலை யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை. கைக்குழந்தையும் போனது. இன்ன ஊரில் இன்ன பாவத்துக்காக இந்த அலை வந்தது என்று சொல்ல வஹீ வேண்டும்; அது நபிகள் நாயகத்தோடு (ஸல்) முடிந்துவிட்டது. மேலும் நபிகள் நாயகமே தண்ணீரில் மூழ்கி இறந்தவரையும் இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும் ஷஹீதுகளின் (உயிர்த்தியாகிகளின்) கூட்டத்தில் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. அந்த ஹதீஸ் ஈமான் கொண்டவர்களைப் பற்றியது என்பது உண்மைதான். ஆனால் தண்ணீரில் போனவன் எல்லாம் தண்டிக்கப்பட்டவன் என்ற கணக்கை அது ஒன்றே உடைத்துப் போடுகிறது. ஆகவே மகனிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: இல்லை, அதுமாதிரி இல்லை.

மூஸா நபி (அலை) மத்யனுக்கு ஓடிவந்து, கிணற்றடியில் இரண்டு பெண்களுக்கு உதவி, அவர்களுடைய வயதான தந்தையிடம் வேலைக்கு நின்றாரே, அந்தப் பெரியவர் இந்த ஷுஐப் நபிதானா என்று பையன் அடுத்துக் கேட்பான். பலர் ஆம் என்பார்கள். குர்ஆன் அங்கே பெயர் சொல்லவில்லை. ஷுஐப் நபி தம் மக்களிடம் “லூத்தின் சமூகம் உங்களுக்குத் தூரமில்லை” (11:89) என்று சொன்னதை வைத்து, அவர் லூத்தின் காலத்தை ஒட்டியவர், அதனால் மூஸாவுக்கு வெகுகாலம் முந்தியவர் என்று வாதிட்டவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இந்தப் பக்கம்தான் சாய்வு.

இனி உங்கள் கழிவு. ஷீட்டில் ஈரம் இருந்தால் அது தண்ணீர். தண்ணீருக்கு ரப்பர் விலை கொடுக்க வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் விற்றவர். “மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா? ஏமாற்றுகிறவர் என்னைச் சேர்ந்தவர் இல்லை” என்றார்கள் (முஸ்லிம்). எனவே ஈரத்தை மறைத்துக் கொண்டுவருகிறவர் மேலும் குற்றம் உண்டு. தோவாளைப் பூச்சந்தையில் பூ வாடாமலிருக்கத் தண்ணீர் தெளிப்பது வேறு, எடைக்காக நனைப்பது வேறு என்பது பூக்காரருக்கே தெரியும்.

ஆனால் கழிவு பிடிப்பதற்கு மூன்று விஷயம் பாருங்கள். ஈரம் உண்மையிலேயே இருக்க வேண்டும். கோடையில் மொறமொறவென்று காய்ந்து வந்த ஷீட்டுக்கும் “எப்பவும் பிடிக்கறதுதான்” என்று பிடித்தால் அது பக்ஸ். எவ்வளவு பிடிக்கிறீர்கள் என்பதைத் தராசில் வைப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். துண்டுச்சீட்டில் கூட்டிக் கழித்துவிட்டுப் பிறகு சொல்வது சொன்னதாகாது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி வெளிப்படையாக இருந்தால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் (இறையருளால் வரும் வளம்), மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்ற ஹதீஸ் (புகாரி, முஸ்லிம்) இதற்குப் போதும். மூன்றாவது, நீங்கள் அதே ஷீட்டைப் பெரிய வியாபாரிக்குக் கொடுக்கும்போது அவர் எவ்வளவு பிடிக்கிறார்? அவர் ஒன்று பிடிக்க நீங்கள் மூன்று பிடித்தால், என் வாப்பா சொன்ன மரக்கால் உங்கள் கடைக்குள்ளும் இருக்கிறது.

சந்தேகமாக இருக்கும் நாளில் என்ன செய்ய என்றால், கூலிக்கு நிறுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் நபிகள் நாயகம் (ஸல்) சொன்னது அபூதாவூத், திர்மிதி ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது: “நிறு, கொஞ்சம் கூட்டியே நிறு.” கூட்டி நிறுப்பது கொடுக்கிற பக்கத்துக்கு என்பதை மறந்துவிடாதீர்கள். பழைய கழிவுச் சீட்டுகள் கையில் இருந்தால், ஆள் தெரிந்தவர்களுக்குக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆள் தெரியாவிட்டால், அவர்கள் பெயரில் அந்தத் தொகையை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். சீட்டு பார்க்க மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கூட்டல் கழித்தல் அவனுக்கு இதற்குள் வந்திருக்கும்.